ஞாயிறு வகுப்பையும் வாடகை வழக்கையும் பிரிக்காதீர்கள்

அமெரிக்க பிரெஸ்பிட்டீரியன் சபைகளின் மூப்பர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான மூப்பர்களே, போதகர்களே,

ஸ்தோத்திரம். நம் சபைகள் பலவற்றில் வேதபாடத்தை ஒரு குழு நடத்துகிறது, ஏழைகளுக்கான உதவியை இன்னொரு குழு பார்க்கிறது. இருவரும் சேர்ந்து உட்காருவது அபூர்வம். இந்த ஆண்டு ஆறு ஞாயிறுகளுக்காவது அவர்களை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். பாடம், நிறப்பிரிவினையை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவில் எழுந்த விசுவாச அறிக்கையான பெல்ஹார் அறிக்கை. கூடவே உங்கள் கவுண்டி நீதிமன்றத்தின் வாடகை வழக்குகள், அதாவது பாக்கிக்காக வாடகைதாரரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கோரும் வழக்குகள்.

2016-ல் பெல்ஹாரை நம் சபையின் விசுவாச அறிக்கைகளின் நூலில் சேர்த்தோம். உரக்க வாசிக்கப் பத்து நிமிடம் போதும், அவ்வளவு சிறியது. முதல் வகுப்பை அறிக்கையில் தொடங்காமல் 1857-ல் தொடங்குங்கள். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை மாமன்றம், எல்லா நிறத்தாரும் ஒரே சபையாக ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதே தீர்மானத்தில், 'சிலருடைய பலவீனத்தின்' பொருட்டு, அதாவது சேர்ந்து ஆராதிக்க மனமில்லாத வெள்ளையருக்காக, ஆராதனையைத் தனியாக நடத்தலாம் என்றும் இடம் கொடுத்தது. 1881-ல் அந்தத் தனி ஆராதனை, வெள்ளையரல்லாதோருக்கான தனிச் சபையாகவே ஆகிவிட்டது. அந்தத் தனிச் சபைதான் 1982-ல் பெல்ஹாரை வரைந்து 1986-ல் ஏற்றது. ஒரு சின்னச் சலுகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மேசைக்கு எட்டுப் பேராகப் பேசட்டும். போதகர் விரிவுரை ஆற்ற வேண்டாம். அவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் வாயடைத்துப்போகிறார்கள்.

அறிக்கைக்கு ஐந்து பகுதிகள், வாரம் ஒன்று. நான்காவது நீதியைப் பற்றியது. அதற்கு முந்தின வாரம் இருவர் இருவராக நீதிமன்றம் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். விசாரணை பொதுவாக யாரும் பார்க்கும்படிதான் நடக்கிறது. வாடகைதாரர் வரவில்லை என்றால் வழக்கு அவருக்கு எதிராக முடிகிறது. வராததற்குக் காரணம் பெரும்பாலும் வண்டி இல்லை, வேலையில் விடுப்பு இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பிறகு ஆமோஸ் 5-ஐ வாசியுங்கள். ஏழைகளின் நியாயம் புரட்டப்படும் 'ஒலிமுகவாசல்' அந்தக் காலத்து நீதிமன்றம்தான்.

பணத்தில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. ஏழைகளுக்கு உதவச் சபை வைத்திருக்கும் உதவிக்காரர் நிதியிலிருந்து பத்துக் குடும்பங்களுக்கு 200 டாலர் வீதம் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுத்த திருப்தி மிஞ்சும், ஒரு வீடும் மிஞ்சாது. பல மாநிலங்களில் வீட்டுக்காரர் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டே வழக்கையும் நடத்தலாம். ஆகவே முதலில் மொத்த பாக்கியைக் கேளுங்கள். மீதியை அக்கம்பக்கத்து சபைகளோடு பேசித் திரட்டுங்கள். முழுத் தொகை சேர்ந்ததும், வழக்கைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு, காசோலையை நேராக வீட்டுக்காரர் பெயரில் கொடுங்கள்.

ஆறாவது ஞாயிறு முடிவெடுக்க. அவசரப்பட்டு இரண்டாம் வாரமே கண்டன அறிக்கை எழுத உட்காராதீர்கள். அது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். வாடகைச் சட்டம் பற்றி நகரசபையில் பேசலாம், எந்த வேட்பாளரையும் ஆதரிக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாதவர்களின் கருத்தும் குறிப்பேட்டில் ஏறட்டும். கடவுள் ஒருவரே மனச்சாட்சியின் ஆண்டவர் என்பதும் நம் அறிக்கைகளின் நூலில் உள்ளதுதானே.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று தீர்மானங்களை வையுங்கள்: ஆறு ஞாயிறுகள், உதவிக்காரர் நிதிக்கு மேலே சொன்ன விதி, நீதிமன்றத்துக்கு வண்டி ஓட்ட இருவரின் பெயர்.

அன்புடன்,
வேதபாட வகுப்புகளை நடத்துவோர்