எட்டு வழி மிடி: கம்ப்யூட்டருக்குள்ளேயே கட்டிக்கொள்ளலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஒலிப்பதிவுக் கூடம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், பழைய கீபோர்டு, ஆக்டோபேடு (மின்னணுத் தாளக் கருவி) எதுவானாலும் ஆளுக்கொரு யூஎஸ்பி மிடி கேபிள் வாங்கிச் செருகினால் போதும் என்று ஒரு வரி இருந்தது. மிடி என்பது எந்த நோட்டை எப்போது வாசித்தோம் என்ற தகவலைக் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே கடத்தும் முறை. ஒரு கருவிக்கு அது சரி. நான்கைந்து சேர்ந்துவிட்டால் அந்த வரியை நம்பியவர்பாடு திண்டாட்டம்தான்.

கொங்குப் பகுதியில் வள்ளி கும்மிப் பாட்டு, நோம்பிப் பாட்டு, பள்ளி ஆண்டுவிழா டிராக் எனப் பலவும் இப்போது வீட்டு மாடியிலும் தோட்டத்துச் சாளையிலும் பதிவாகின்றன. அங்கே இருப்பவை மெல்லிசைக் குழுக்களிடமிருந்து கைமாறி வந்த, ஐந்து பின் வட்டச் சாக்கெட் வைத்த கருவிகள். வயதானாலும் நன்றாக உழைப்பவை. மலிவுக் கேபிள்கள்தான் அவற்றைக் கெடுக்கின்றன. பல கேபிள்களுக்கு அடையாள எண் ஒன்றே, தனித்தனி வரிசை எண் கிடையாது. ஐந்தைச் செருகினால் மென்பொருளில் ஐந்தும் ஒரே பெயரில் வரும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் வரிசை மாறலாம், பேடுக்குப் போக வேண்டியது கீபோர்டுக்குப் போகும். இடைச்சேமிப்பு சிறியது என்பதால் சிஸ்எக்ஸ் எனப்படும் நீண்ட தகவல் பாதியில் அறுந்துபோவதும் உண்டு. சிலவற்றைத் திறந்து பார்த்தால், கருவியையும் கம்ப்யூட்டரையும் மின்தொடர்பின்றி ஒளியால் இணைக்கும் ஆப்டோகப்ளரே இருப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே கேபிளில் சேர்த்துவிடலாமே என்பார்கள். கணக்கு இடம் கொடுக்காது. 1983-இல் வந்த மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது 320 மைக்ரோ விநாடி. ஒரு நோட்டுக்கு 3 பைட். ஏறக்குறைய 1 மில்லி விநாடி. பத்து ஒலிகளை ஒரே அடியில் அனுப்பினால் பத்தாவது ஒலி முதலாவதைவிட 9 மில்லி விநாடி பிந்தி வரும். திரும்பத் திரும்ப வரும் முதல் பைட்டை விட்டுவிடும் ‘ரன்னிங் ஸ்டேட்டஸ்’ முறை இருந்தால் அது 6 ஆகக் குறையும். கும்மியின் கைத்தட்டோடு தாளம் சேர வேண்டிய இடத்தில் கூர்ந்த காதுக்கு இது உறுத்தும். கருவிக்கொரு வழி கொடுப்பதுதான் தீர்வு.

எட்டு உள்வழி, எட்டு வெளிவழி கொண்ட பலகையை நாமே கட்டலாம். மையத்தில் டீன்சி 4.1 எனும் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை. இதில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி அனுப்பும் எட்டு வன்பொருள் சீரியல் போர்ட்டுகள் உள்ளன. யூஎஸ்பி மிடி வகையில் 16 வழி வரை கம்ப்யூட்டருக்குக் காட்டும். தனி டிரைவர் வேண்டாம். இதே வகையான முதல் தலைமுறை ராஸ்பெர்ரி பை பைக்கோ பலகை மலிவுதான். ஆனால் அதில் சீரியல் இரண்டே. மீதியைப் பிஐஓ எனும் நிரலால் அமைக்கும் உள்ளீட்டு-வெளியீட்டுப் பகுதி வழியாக எடுத்தாலும், அதிலுள்ள எட்டு ஸ்டேட் மெஷினுக்கு (தனித்தனியே இயங்கும் சிறு அலகுகள்) நான்கு உள், நான்கு வெளி, சீரியல் இரண்டையும் சேர்த்து ஆக மொத்தம் ஆறு வழியோடு எளிய ஏற்பாடு முடிந்துவிடும்.

மற்ற பொருள்கள்: எச்11எல்1 ஆப்டோகப்ளர் 8, 1என்4148 டயோடு 8, 74எச்சிடி244 பஃபர் சில்லு (குறியை வாங்கிப் பலப்படுத்தி அனுப்புவது) ஒன்று, 220 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் 24, 470 ஓம் 8, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் 9, ஐந்து பின் டின் (வட்ட) சாக்கெட் 16, 37 பின் டி-சப் இணைப்பான் ஒரு ஜோடி. டீன்சியை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். மற்றவற்றைக் கோவை காந்திபுரத்துக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஆப்டோகப்ளர். கேட்டது இல்லையென்றால் பிசி817 அல்லது எம்சிடி2ஈ எடுத்துக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. மிடியில் ஒரு பிட்டின் அகலம் 32 மைக்ரோ விநாடி; ஏற்றமும் இறக்கமும் 2 மைக்ரோ விநாடிக்குள் முடிய வேண்டும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆப்டோ அணைவதற்குள் அடுத்த பிட்டைத் தின்றுவிடும். அழுத்தாத நோட் ஒலிப்பது, ஒலித்த நோட் நிற்காமல் இழுப்பது, வேகமாக வாசித்தால் மட்டும் தடுமாறுவது எல்லாம் இதன் அறிகுறிகள். நிரலில் பிழை தேடி நாளைக் கழிக்க வேண்டாம். எச்11எல்1 கேட்டு எச்11எல்2 அல்லது எல்3 கிடைத்தாலும் வாங்காதீர்கள். எல்1 விழிக்க அதிகபட்சம் 1.6 மில்லி ஆம்பியர் போதும். எல்3-க்கு 5, எல்2-க்கு 10 வரை தேவைப்படலாம். மிடி வளையத்தில் ஓடுவதே 5 மில்லி ஆம்பியர். கடைசி எண்ணைக் கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள்.

உள்வழிக்கு: சாக்கெட்டின் 4-ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாக ஆப்டோவின் 1, சாக்கெட்டின் 5-ஆம் பின் நேராக ஆப்டோவின் 2. டயோடின் பட்டை போட்ட முனை ஆப்டோவின் 1-இல், மறுமுனை 2-இல். ஆப்டோவின் 6-க்கு 3.3 வோல்ட், 5 கிரவுண்டு, 4-இலிருந்து டீன்சியின் உள்ளீடு. அந்த 4-க்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 470 ஓம். இதை 5 வோல்ட்டில் இழுத்துக் கட்டினால் டீன்சி போய்விடும். அதன் பின்கள் 5 வோல்ட் தாங்காதவை.

வெளிவழிக்கு: 5 வோல்ட்டிலிருந்து 220 ஓம் வழியாகச் சாக்கெட்டின் 4, டீன்சியின் வெளியீடு 74எச்சிடி244-க்குள் போய், அங்கிருந்து 220 ஓம் வழியாகச் சாக்கெட்டின் 5, சாக்கெட்டின் 2 கிரவுண்டு. ஒரே சில்லில் எட்டு பஃபர் இருப்பதால் எட்டு வெளிவழிக்கும் அதுவே போதும். அதன் 1, 19 பின்களைக் கிரவுண்டில் கட்ட மறந்தால் ஒன்றும் வெளியே வராது. ‘எச்சிடி’ என்பதும் முக்கியம். வெறும் ‘எச்சி’ வகை 5 வோல்ட்டில் ஓடும்போது 3.3 வோல்ட் குறியை நிச்சயமாக ஏற்கும் என்று சொல்ல முடியாது.

டீன்சியின் உள்ளீட்டுப் பின்கள் வரிசையாக 0, 7, 15, 16, 21, 25, 28, 34. அவற்றின் ஜோடி வெளியீடுகள் 1, 8, 14, 17, 20, 24, 29, 35. டின் சாக்கெட்டில் எண்கள் 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் நிற்கும். முன்பக்கம் பார்த்து எண்ணிவிட்டுப் பின்பக்கம் சால்டர் வைத்தால் 4-உம் 5-உம் இடம் மாறிவிடும். டயோடு இருப்பதால் ஆப்டோ பிழைக்கும், ஆனால் தகவல் வராது.

பலகையை நைலான் தூண்களில் நிறுத்தி, கேபினெட்டில் பவர் சப்ளைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் எட்டப் பொருத்துங்கள். மின்சாரமும் தகவலும் மதர்போர்டின் உட்புற யூஎஸ்பி 2.0 தலைப்பு (ஹெடர்) எனும் பின் வரிசையிலிருந்தே வரும். ஒன்பது பின் கொண்ட அந்தத் தலைப்பில் ஒரு வரிசைக்கு 5 வோல்ட், டி மைனஸ், டி பிளஸ், கிரவுண்டு என்ற ஒழுங்கு. கேபிளின் வண்ணத்தை நம்பாமல் மீட்டரில் பார்த்த பிறகே செருகுங்கள். திருப்பிச் செருகினால் டீன்சியும் மதர்போர்டின் அந்த யூஎஸ்பி பகுதியும் சேர்ந்து போகலாம். பல மதர்போர்டுகளில் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் இந்தத் தலைப்பில் 5 வோல்ட் இருக்கும். பயாஸில் ஈஆர்பி (மின்சேமிப்பு) அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

பின்பக்க ஸ்லாட் தகட்டின் அகலத்தில் டின் சாக்கெட் நுழையாது. அதனால்தான் 37 பின் டி-சப். உள்வழிக்கு 16 கம்பி, வெளிவழிக்கு 16, கிரவுண்டு 1, மொத்தம் 33. அங்கிருந்து ஜோடி முறுக்கிய பல இழைக் கேபிளில் மேசைமேல் ஒரு தகரப் பெட்டிக்கு வந்து, 16 சாக்கெட்டுகளையும் அதில் வரிசையாக வைக்கலாம். சாக்கெட்டை வாங்கி அளந்த பிறகு துளை அளவு கொடுத்தால் கணபதி, பீளமேடு பக்கத்து லேசர் பட்டறைகளில் கச்சிதமாக வெட்டித் தருவார்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் பலகையையே அந்தப் பெட்டிக்குள் வைத்து யூஎஸ்பி கேபிளை வெளியே விடலாம், சுற்று இதேதான். உள்ளே கட்டுவதில் லாபம், பதிவு நடுவே யாரும் காலால் இடறி யூஎஸ்பியைப் பிடுங்கிவிட முடியாது.

பெட்டியில் செய்யும் ஒரு தவறுதான் உழைப்பையெல்லாம் வீணாக்கும். உள்வழிச் சாக்கெட்டின் 2-ஆம் பின்னை எதனுடனும் சேர்க்கக் கூடாது. அதன் உலோக உறையும் பெட்டியைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் உடல் கொண்ட சாக்கெட்டையே வாங்குங்கள். தொட்டுவிட்டால் கீபோர்டின் கிரவுண்டும் கம்ப்யூட்டரின் கிரவுண்டும் ஒன்றாகி, ஆப்டோகப்ளர் வைத்ததற்கே பொருளில்லாமல் போகும். ஒலிப்பதிவில் ‘உம்’ என்று இரைச்சல் ஏறும். போர் மோட்டாரும் விசைத்தறியும் ஓடும் லைனில், எர்த் குழி காய்ந்து கிடக்கும் சாளையில், இது இன்னும் மோசம். எர்த் பின்னை வெட்டி எறிந்து இரைச்சலைப் போக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்து.

நிரலுக்கு, டீன்சிக்கு நிரல் எழுத உதவும் டீன்சிடுயினோ மென்பொருளுடன் வரும் யூஎஸ்பி மிடி எடுத்துக்காட்டுகளிலிருந்தே தொடங்கலாம். யூஎஸ்பி வகையில் மிடி 16 வழியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் பதினாறும் தெரியும். முதல் எட்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். மிடி நூலகத்தில் மூன்று இயல்பு அமைப்புகளை மாற்றியாக வேண்டும். ‘த்ரூ’ இயல்பாகவே இயங்கும். நிறுத்தாவிட்டால் உள்ளே வந்தது அப்படியே வெளியே திரும்பி நோட் இரட்டிக்கும். சேனலைச் சொல்லாவிட்டால் முதல் சேனலை மட்டுமே கேட்கும். சிஸ்எக்ஸின் அளவு 128 பைட்டில் நிற்கும். டீன்சியில் நினைவகம் தாராளம், 4,096 ஆக்குங்கள். இதற்குப் பிறகும் நோட் இரட்டித்தால் குற்றம் பலகையில் இல்லை; கீபோர்டில், கட்டையை அழுத்தியதும் அதன் ஒலியை நேராக எழுப்பும் ‘லோக்கல்’ அமைப்பு அணைக்கப்படவில்லை.

கருவிகளை மாட்டும் முன் வெளிவழிச் சாக்கெட்டில் மீட்டர் வையுங்கள். சும்மா இருக்கும்போது 4-க்கும் கிரவுண்டுக்கும் 5 வோல்ட், 5-க்கும் கிரவுண்டுக்கும் 5 வோல்ட், 4-க்கும் 5-க்கும் நடுவே பூஜ்யம் காட்ட வேண்டும். வெளிவழிகளிலிருந்து கருவிக்கு ஓடும் கேபிள், மேசைக் கேபிளையும் சேர்த்து, 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

எங்கள் மாவட்டங்களின் பாலிடெக்னிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் ஆயத்தமாக விற்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுகளுக்குப் பதிலாக இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பலகையில் ஒலி, கணினி, மின் தனிமைப்படுத்தல் மூன்றும் இருக்கின்றன. மதிப்பெண் போடுவதும் சுலபம்: ஒவ்வொரு வெளிவழியையும் அதே எண்ணுள்ள உள்வழியில் மாட்டி, எட்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். வழி ஒன்றுக்கு 18,75,000 பைட் போய்த் திரும்பும். ஒன்றுகூடக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கருவிகள் பழுதுபார்ப்பவர்,
பல்லடம்