ஒரே சாசனம், இரண்டு படிகள்

செயின்ட் பால், மினசோட்டா
மார்ச் 9

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலே குறுக்குத்துறை வரை போய் வருகிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே இன்னும் பனி உருகவில்லை. மகள் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து படிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாததால், நீ கேட்டிருந்த கேள்விக்கு வழக்கறிஞர் ஒருவரைத் திருப்திப்படுத்தும் அளவுக்குப் பதில் தேடிவிட்டேன் என்று நம்புகிறேன்.

நம் நாட்டில் மாநிலங்களுக்குத் தனி அரசமைப்பு கிடையாது, ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957 முதல் 2019 வரை ஒன்று இருந்தது, அப்படியிருக்க அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு சாசனம் வைத்திருக்கிறதே, அதை யார் எழுதினார்கள், எழுத அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டிருந்தாய். நம்முடைய வடகிழக்கு எல்லைப்புற முகமை 1972இல் யூனியன் பிரதேசமாகி, 1987இல் அருணாசலப் பிரதேசம் என்ற மாநிலமானபோது, ஒவ்வொரு படியும் தில்லி இயற்றிய சட்டத்தால் நடந்தது. இங்கே எல்லைப்புறத்தில் குடியேறியவர்களே கூடி உட்கார்ந்து சாசனம் எழுதிக்கொண்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அப்படி எழுதப்பட்டவற்றுள் நான் குடியிருக்கும் இந்த மினசோட்டாவின் கதை விசித்திரமானது. சாசனம் எழுதக் கூடியவர்கள் ஒரே அறையில் உட்கார மறுத்துவிட்டார்கள்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்ட அதே 1787ஆம் ஆண்டில் வடமேற்குக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று பிறந்தது. புதிய நிலப்பரப்புக்கு முதலில் மத்திய அரசு நியமிக்கும் ஆளுநரும் மூன்று நீதிபதிகளும் இருப்பார்கள். வயதுவந்த சுதந்திர ஆண்கள் ஐயாயிரம் பேர் சேர்ந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்று வரும். சுதந்திர மக்கள்தொகை அறுபதாயிரத்தைத் தொட்டதும், சாசனம் எழுதிக்கொண்டு பழைய மாநிலங்களுக்குச் சமமாக உள்ளே வரலாம். அதுவரை அந்தப் பிரதேசத்தின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம், ஆனால் அவர் பேசலாமே தவிர வாக்களிக்க முடியாது. பின்னர் வந்த பிரதேசங்களில் விவரங்கள் மாறினாலும் ஏணியின் வடிவம் மாறவில்லை.

மினசோட்டா அந்த ஏணியில் ஏறிய விதத்தை நீ ரசிப்பாய். 1848 மே மாதம் விஸ்கான்சின் மாநிலமானபோது, அதன் பழைய பிரதேசத்தில் செயின்ட் குரோய் ஆற்றுக்கு மேற்கே இருந்த துண்டு எந்த அரசும் இல்லாமல் அநாதையாக விடப்பட்டது. அந்த ஆகஸ்டில் ஸ்டில்வாட்டர் என்ற மரம் அறுக்கும் ஊரில் 61 பேர் கூடி, தங்களுக்குத் தனிப் பிரதேசம் வேண்டும் என்று மனு எழுதினார்கள். அதோடு நில்லாமல் ஒரு வாதத்தையும் கண்டுபிடித்தார்கள்: மாநிலமாகப் பிரிந்தவர்கள் போய்விட்டார்கள், எனவே மிச்சமிருக்கும் நாங்கள்தான் விஸ்கான்சின் பிரதேசம். அந்த வாதத்தின் பலத்தில் ஹென்றி ஹேஸ்டிங்ஸ் சிப்லி என்ற தோல் வணிகரைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, சிப்லியின் வீடு இருந்த மெண்டோட்டா மிசிசிப்பிக்கு மேற்கே, பழைய அயோவா பிரதேசத்தில் இருந்தது. அவர் எந்தப் பிரதேசத்தின் பிரதிநிதியோ அதில் அவர் குடியிருக்கவே இல்லை. இருந்தும் காங்கிரஸ் அவருக்கு இடம் கொடுத்தது. 1849 மார்ச் 3ஆம் தேதி மினசோட்டா பிரதேசம் உருவானது. பென்சில்வேனியாவிலிருந்து அலெக்சாண்டர் ராம்சே ஆளுநராக வந்து இறங்கினார். 1850 கணக்கெடுப்பில் பழங்குடியினரைச் சேர்க்காமல் எண்ணியபோது, இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் இருந்தவர்கள் 6,077 பேர்தாம்.

ஏழே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஒன்றரை லட்சமானது. எப்படி என்று கேட்காமல் சாசனத்துக்குப் போவது நேர்மையாகாது. நிலம் டகோட்டா மக்களுடையது; 'மினசோட்டா' என்ற பெயரே அவர்கள் மொழிச் சொல். 1851இல் டிராவர்ஸ் டெ சூ, மெண்டோட்டா ஆகிய இரண்டு இடங்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களால் சுமார் இரண்டரைக் கோடி ஏக்கர் கைமாறியது. ராம்சே அரசின் தரப்பில் அமர்ந்திருந்தார். டிராவர்ஸ் டெ சூவில் ஒவ்வொரு தலைவரும் மேசைக்கு வந்து ஒப்பந்தத்தின் இரண்டு படிகளில் அடையாளமிட்டுவிட்டுத் திரும்பும்போது, பக்கத்தில் ஒரு பீப்பாயின் மேல் விரித்து வைத்திருந்த மூன்றாவது தாள் ஒன்றை நோக்கி இழுக்கப்பட்டார். அதிலும் அடையாளம் வாங்கப்பட்டது. அது ஒப்பந்தத்தின் இன்னொரு படி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது, நிலத்துக்குக் கிடைக்கும் பணத்திலிருந்து வணிகர்களுக்குரிய கடனை முதலில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கும் பத்திரம். கடன்காரர் பட்டியலில் சிப்லியும் இருந்தார். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய எத்தனை வழக்குகளை நீ நடத்தியிருப்பாய்! எனக்கு அந்தப் பீப்பாய் நினைவை விட்டுப் போக மறுக்கிறது.

சரி, 1857க்கு வருகிறேன். நம் நாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு. பிப்ரவரி 26ஆம் தேதி காங்கிரஸ் இயற்றிய அனுமதிச் சட்டம், மாநிலத்தின் எல்லைகளை வகுத்து, சாசனம் எழுதப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும்படி மக்களுக்குச் சொன்னது. சீதனமும் உண்டு: அளவெடுக்கப்பட்ட ஒவ்வொரு நகரியத்திலும் (36 சதுர மைல் கொண்ட நில அளவைக் கட்டம்) 16, 36 என்று எண்ணிட்ட இரண்டு சதுர மைல் நிலம் பள்ளிக்கூடங்களுக்கு, பல்கலைக்கழகத்துக்கு 72 சதுர மைல், பொது நில விற்பனையின் நிகர வருவாயில் ஐந்து விழுக்காடு சாலைகளுக்கு. (இதே நாள்களில் தலைநகரை செயின்ட் பீட்டருக்கு மாற்ற ஒரு மசோதா நிறைவேறியது, மசோதாக்களைச் சரிபார்க்கும் குழுவின் தலைவரான ஜோ ரோலெட் அதைத் தூக்கிக்கொண்டு விடுதி அறை ஒன்றில் ஒரு வாரம் ஒளிந்துகொள்ள, கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. நான் இன்று செயின்ட் பால் தலைநகரில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடிவது அந்த மனிதரின் தயவால்.)

அனுமதிச் சட்டத்தில் ஒரு சிறிய பிழை இருந்தது. ஜூலை மாத இரண்டாம் திங்கட்கிழமை சபை கூட வேண்டும் என்றிருந்ததே தவிர, மணி குறிப்பிடப்படவில்லை. நேரம் போடாத வாய்தா என்னவாகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. குடியரசுக் கட்சியினருக்கும் ஜனநாயகக் கட்சியினருக்கும் ஏறக்குறைய சம பலம். சில தொகுதிகளில் இரு தரப்பும் வெற்றி கோரின. சபையை யார் முதலில் கூட்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்களே சர்ச்சைக்குரிய இடங்களுக்கும் தீர்ப்புச் சொல்வார்கள். ஆகவே குடியரசுக் கட்சியினர் ஜூலை 13 பிறந்த நள்ளிரவிலேயே மண்டபத்துக்குள் புகுந்து இடம் பிடித்துக் காத்திருந்தார்கள். நண்பகலுக்குச் சற்று முன்பு ஜனநாயகக் கட்சியினர் வந்தார்கள். அவர்கள் தரப்பில் பிரதேசச் செயலாளர் சார்லஸ் சேஸ் மேடையேறிச் சபையைத் தொடங்கி வைக்க, அதே கணத்தில் குடியரசுக் கட்சியின் ஜான் நார்த்தும் சபையைத் தொடங்கி வைத்தார். மறுநாள் நண்பகல் வரை ஒத்திவைப்பதாகச் சேஸ் அறிவித்ததும் ஜனநாயகக் கட்சியினர் எழுந்து வெளியேறினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே சபையை நடத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஆறு வாரங்களுக்கு மேல் ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளில் இரண்டு அரசியல் நிர்ணய சபைகள் நடந்தன. குடியரசுக் கட்சியினரின் சபைக்குத் தலைவர் பால்கம், ஜனநாயகக் கட்சியினரின் சபைக்கு நம் தோல் வணிகர் சிப்லி. இரு சபைகளும் தாங்களே சட்டப்படியானவர்கள் என்று சாதித்தன. இரண்டு சாசனங்கள் போனால் வாஷிங்டன் இரண்டையும் குப்பையில் போட்டுவிடும் என்ற அச்சம் ஆகஸ்டில்தான் உறைத்தது. தரப்புக்கு ஐந்து பேர் கொண்ட சமரசக் குழு அமைந்தது. அந்தக் குழுவிலும் அமைதி இல்லை. முன்னாள் ஆளுநர் கோர்மன் வாக்குவாதத்தின் நடுவே எதிர்த்தரப்பின் தாமஸ் வில்சனைத் தம் கைத்தடியால் அடித்தார். நீ கைத்தடியை ஒதுக்கிவிட்டது எவ்வளவு நல்ல காரியம்!

சண்டையின் மையத்தில் இருந்தது 'வெள்ளை' என்ற ஒரு சொல். வாக்குரிமைப் பிரிவில் அது இருக்கக் கூடாது என்று குடியரசுக் கட்சியில் ஒரு பிரிவினர் வாதாடினார்கள். ஜனநாயகக் கட்சியினர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் அந்தச் சொல் நின்றது. வெள்ளையர் அல்லாதவர்களில், 'நாகரிகத்தின் பழக்கவழக்கங்களை' ஏற்ற கலப்பினத்தவர்க்கும், நீதிமன்றம் சோதித்துத் தகுதி வழங்கும் பழங்குடியினர்க்கும் மட்டும் வாக்கு உண்டு என்றாயிற்று. பதிலுக்குக் குடியரசுக் கட்சியினர் பெற்றுக்கொண்டது, சாசனத்தைத் திருத்துவதற்கான மிக எளிய வழி: சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை, பிறகு அந்தக் கேள்வியில் வாக்களிப்போரின் பெரும்பான்மை. இன்று தோற்றாலும் நாளை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. நான் படித்தவரையில், அந்தச் சாசனத்தின் மிக நல்ல பிரிவு ஒருவரையொருவர் நம்பாததால் கிடைத்ததுதான்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி வாசகம் ஒத்துவந்த பிறகும் ஒரு தடை. எதிர்க்கட்சிக்காரர் கையெழுத்திட்ட தாளில் என் பெயரா என்று இரு தரப்பும் முறைத்துக்கொண்டன. ஆகவே எழுத்தர்கள் இரவோடிரவாக இரண்டு படிகள் எடுத்தார்கள். வெள்ளைத் தாளில் இருந்ததில் குடியரசுக் கட்சியினர் 53 பேர் கையெழுத்திட்டார்கள். நீலம் படர்ந்த தாளில் இருந்ததில் ஜனநாயகக் கட்சியினர் 51 பேர். அவசரத்தில் எழுதியதால் நிறுத்தக்குறி, இலக்கணம், சொல் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட வேறுபாடுகள் இரண்டுக்கும் இடையே புகுந்துவிட்டன. அக்டோபர் 13ஆம் தேதி மக்கள் 30,055க்கு 571 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்தார்கள். அன்றே நடந்த ஆளுநர் தேர்தலில் சிப்லி ராம்சேயை 240 வாக்குகளில் வென்றார்.

மாநிலம் வந்துவிட்டதா என்றால், இல்லை. கன்சாசை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற பூசலில் வாஷிங்டன் சிக்கியிருந்தது. அடிமைமுறை இல்லாத மினசோட்டா அதற்குள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது. ஆனால் இங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. டிசம்பரிலேயே 'மாநில' சட்டமன்றத்தைக் கூட்டினார்கள். மாநிலத்தின் கடன் நம்பிக்கையைத் தனியார் நிறுவனங்களுக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது என்று சாசனம் தெளிவாகச் சொல்லியிருக்க, இரயில்பாதை நிறுவனங்களுக்கு ஐம்பது லட்சம் டாலர் வரை கடன் பத்திரம் வழங்க வழிசெய்யும் திருத்தத்தைக் கொண்டுவந்து, 1858 ஏப்ரலில் மக்கள் வாக்குக்கு விட்டு நிறைவேற்றியும் விட்டார்கள். பிறக்காத மாநிலம் தன் சாசனத்தைத் திருத்திவிட்டது! முந்தைய ஆகஸ்டில், சபைகள் சண்டையிட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஒஹையோவின் காப்பீட்டு நிறுவனம் ஒன்று நொடித்து நாடெங்கும் பண நெருக்கடி மூண்டிருந்ததால், அந்தப் பத்திரங்கள் தண்டவாளமாக மாறவே இல்லை. அவற்றின் வழக்கு 1881 வரை இழுத்தது. எளிதாகத் திருத்தும் வழிக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. அதே வழியில்தான், 1865இலும் 1867இலும் தோற்ற பிறகு, 1868இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

1858 மே 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் புக்கனன் கையெழுத்திட, மினசோட்டா 32ஆவது மாநிலமானது. தந்திக் கம்பி அப்போது செயின்ட் பால் வரை வரவில்லை. செய்தி ஆற்றில் நீராவிப் படகேறி இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

அடுத்த மாதமே டகோட்டா மக்களிடம் மிஞ்சியிருந்த மினசோட்டா ஆற்றங்கரைப் பட்டையின் வடபாதியும் இன்னோர் ஒப்பந்தத்தில் போயிற்று. 1862இல், நிலத்துக்காக அரசு ஆண்டுதோறும் தரவேண்டிய பணம் தாமதமாகிப் பசி தலைக்கேறியபோது போர் வெடித்தது. அப்போது ஆளுநர் ராம்சே. படைக்குத் தலைமை தாங்கியவர் சிப்லி. டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் ஒரே மேடையில் 38 டகோட்டா ஆண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு ஒப்பந்தங்களே ரத்தாயின; மக்கள் மாநிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு அறைகளில் நடந்த எந்தச் சபையிலும் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

உன்னிடம் ஒரு சட்டக் கேள்வி மிச்சமிருக்கிறது. 1974இல் மக்கள் வாக்களித்து வாசகத்தைச் சீரமைக்கும் வரை, அந்த வெள்ளைத் தாளும் நீலத் தாளும் சட்டத்தின் முன் சரிசமமாகவே இருந்தன. ஒரு வழக்கு வந்து, ஒரு படியில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் மற்றதில் இல்லாமல் போயிருந்தால், நீ எந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி முன் எழுந்து நிற்பாய்? உன் அறுபது பக்க வாதங்களை நான் கேட்டுப் பழகியவன்; ஆனாலும் இதற்கு ஒரு தபால் உறைக்குள் அடங்கும் பதிலாக எழுது. ஐப்பசியில் ஊருக்கு வர எண்ணியிருக்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
நெல்லையப்பன்