பிரெக்ஸிட்டுக்கு முன்பே விழுந்த விரிசல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் ஜொனாதன் கோ எழுதிய ‘மிடில் இங்கிலாந்து’ (2018) நாவல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கதையின் நடுவே அடிக்கடி பழைய செய்தித்தாளைப் புரட்டுவதுபோல் இருக்கிறது என்று கட்டுரையாளர் சலித்துக்கொள்கிறார். 2010 தேர்தல், 2011 கலவரம், லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா (பிரெக்ஸிட்) என்ற 2016 வாக்கெடுப்பு என்று வரிசையாக வருவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் படித்து முடித்த பிறகு எனக்கு மனதில் நின்றது சோஃபியும் இயனும்தான்.

வேகமாகக் கார் ஓட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு சோஃபி போகிறாள், அங்கே பாடம் எடுப்பவன் இயன், பழகிக் கல்யாணமும் ஆகிவிடுகிறது. அப்புறம் அவன் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு கூட வேலை பார்க்கும் நஹீதுக்குப் போகிறது. ஆசியப் பெண் என்பதால்தான் அவளுக்குக் கிடைத்தது என்பது இயனின் அம்மா ஹெலினாவின் எண்ணம், சோஃபிக்கோ அந்தப் பேச்சே பொறுக்கவில்லை. இதெல்லாம் வாக்கெடுப்புக்குச் சில வருடம் முன்பு. இதில் எது அரசியல், எது குடும்பம் என்று கட்டுரையாளர் எப்படிப் பிரிப்பார்?

ஹெலினாவை அவர் வெறும் வில்லியாகத் தள்ளிவிட்டதும் சரியில்லை. தன் வீட்டில் வேலை செய்யும் லிதுவேனியப் பெண், போனில் தன் மொழியில் பேசியதற்காக ஒருவனிடம் அவமானப்படுவதைக் கண்ணால் பார்த்தும் ஹெலினா சாட்சி சொல்ல மறுக்கிறார். கத்தவில்லை, திட்டவில்லை, மரியாதையாகவே மறுக்கிறார். எனக்குக் கலவரக் காட்சிகளைவிட அதுதான் பயமாக இருந்தது.

பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! 2005இல் கம்பெனி விழுந்தபோது ஆறாயிரம் பேருக்கு மேல் வேலை போன இடம் அது. அங்கே உழைத்த கிழவர், சோஃபியின் தாத்தா காலின், மகனோடு காரில் போய்ப் பார்த்தால், எதிரே கடைகள். தொழிற்சாலையே இல்லாவிட்டால் இந்தக் கடைகளில் வாங்க ஜனங்களுக்குக் காசு ஏது என்று அவர் குழம்பும் இடத்தை இரண்டு முறை படித்தேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு. இயனை நாம் பெரும்பாலும் சோஃபியின் கண் வழியாகவே பார்க்கிறோம், அவன் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். இது தனி நாவல் அல்ல, மூன்றாம் பாகம். 2001இல் வந்த முதல் பாகத்தில், 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்பில் காதலனைப் பறிகொடுத்தவள்தான் சோஃபியின் அம்மா லோயிஸ். அதைப் படித்தவர்களுக்கு இந்தப் பாகத்தில் லோயிஸ் நடந்துகொள்ளும் விதத்துக்கு என்ன காரணம் என்பது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்