சில்க்ஸ்டோனில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணு,

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், இந்தச் சில்க்ஸ்டோன் கிராமத்தில் நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் நடக்கக் கிளம்பிவிடுகிறார். போன வாரம் போனில், "பார்ன்ஸ்லி டவுனை விட்டுவிட்டு அந்தக் கிராமத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்களே, ஆட்டையும் மழையையும் தவிர அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்டாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடு மேய்கிற இந்தப் புல்வெளிக்கு அடியில் இருந்தது நிலக்கரி. அதுவும் சரிவுகளில் மேலேயே தலைகாட்டுகிற கரி. வீட்டுக் கணப்பில் நன்றாக எரியும் என்று லண்டன் வரைக்கும் பெயர் வாங்கியது. இந்த ஊர்ப் பெயரே அந்தக் கரி அடுக்குக்கு நின்றுவிட்டது. எங்கேயோ தள்ளியிருக்கிற யார்க்‌ஷயர் சுரங்கத்தில் வெட்டினாலும் அதற்குப் பெயர் 'சில்க்ஸ்டோன் அடுக்கு'தான். கரி இருந்தது, நல்ல பாதை இல்லை. 1809இல் இங்கிருந்து பார்ன்பியில் இருக்கிற கால்வாய்த் துறைக்கு இரும்புத் தடம் போட்டார்கள். ரயில் என்ஜின் எல்லாம் அப்புறம் வந்தது. இதில் வண்டியை இழுத்தது குதிரை. அப்பா தினமும் நடப்பது அந்தத் தடத்தில்தான். தண்டவாளம் போய்விட்டது, அதைத் தாங்கிய கல் கட்டைகள் இன்னும் வரிசையாக மண்ணில் புதைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆணி இறக்கிய துளை இருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், அக்கம்பக்கத்து நாய்கள் குடித்துவிட்டுப் போகும்.

நான் சொல்ல வந்தது அதை இல்லை. ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்து வளாகத்தில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பலரும் பழைய கல்லறை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். கிட்டே போய்ப் படித்தால் முழுக்கப் பிள்ளைகள் பெயர், பக்கத்தில் வயது. 26 பேர். 15 பையன்கள், 11 பெண்கள். சின்னதுக்கு 7 வயது, பெரியதுக்கு 17. ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து போயிருக்கிறார்கள்.

1838 ஜூலை 4. லண்டனில் விக்டோரியா ராணிக்கு முடிசூட்டி அன்றைக்கு ஆறாவது நாள். இங்கே ஹஸ்கர் சுரங்கத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து வேலையில் இருந்தார்கள். மத்தியானம் இடி, ஆலங்கட்டியோடு பேய்மழை. ஆட்களை மேலே தூக்குகிற நீராவி என்ஜினின் நெருப்பு தண்ணீரில் அணைந்துவிட்டது. தூக்க வழியில்லை, கீழேயே காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இருட்டில் எவ்வளவு நேரம்தான் நிற்பது? விளையாட்டு வயசு, பசி வேறு. மலைச்சரிவில் நாப்ஸ் காட்டுப் பக்கம் வெளியே போகிற சாய்வான சுரங்க வழி ஒன்று இருந்தது. அதில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வழியில் காற்றுக் கதவு. சுரங்கத்துக்குள் காற்று போகிற திசையைக் கட்டுப்படுத்துவதற்கு வைத்த கதவு அது. அதைத் தாண்டி மேலே போனவர்கள் மீது, பக்கத்து ஓடை கரை புரண்டு அந்த வழியாகவே உள்ளே பாய்ந்தது. தண்ணீர் அவர்களைத் திருப்பி அடித்துக்கொண்டு வந்து கதவில் மோதியது. எந்தப் பக்கமும் போக முடியவில்லை. கீழேயே நின்ற பெரியவர்கள் பிழைத்தார்கள்.

அந்தத் தூணில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இது சர்வவல்லவரின் பயங்கரமான வருகை என்கிறது. இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் மழையும் அவர் அனுப்பியவையாம். படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மழையைக் கடவுள் அனுப்பினார், சரி. ஏழு வயதுப் பிள்ளையைப் பாதாளத்துக்கு அனுப்பியது யார்? சுரங்கம் ஆர்.சி. கிளார்க் என்ற முதலாளியுடையது என்று மட்டும் அந்த வாசகத்தில் இருக்கிறது, அவர் பொறுப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. விசாரணையில் விபத்து என்று முடிவு எழுதி மூடிவிட்டார்கள்.

ஆனாலும் செய்தி லண்டன் பத்திரிகைக்குப் போனது. 1840இல் ஆஷ்லி பிரபு நாடாளுமன்றத்தில் வாதாடி, சுரங்கங்களில் பிள்ளைகள் படும் பாட்டை விசாரிக்க ஒரு அரசு ஆணையம் அமைக்க வைத்தார். அதன் ஆட்கள் இந்தப் பக்கத்துக்கும் வந்து பிள்ளைகளிடமே கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் காபர் சுரங்கத்தில் சாரா கூடர் என்று எட்டு வயதுப் பெண். கரி வண்டி வரும்போது காற்றுக் கதவைத் திறந்து மூடுவது அவள் வேலை. விடிகாலை நாலு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே இறங்கி, சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு ஏறுவாளாம். விளக்குக் கிடையாது, பயமாக இருக்கும் என்கிறாள். வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவேன், இருட்டில் பாடத் துணிய மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சமைக்கவே இல்லை, அப்பா கடையில் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தார்.

1842இல் சட்டம் வந்தது. பெண்கள் யாரும், பத்து வயதுக்குட்பட்ட பையன்கள் யாரும் பூமிக்கு அடியில் வேலை செய்யக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறுத்துகிறது. கனவான்களை உலுக்கியது பிள்ளைகள் செத்தது மட்டும் இல்லை. பெண்கள் அரைகுறை உடையில் வண்டி இழுக்கிற படங்களை அறிக்கையில் பார்த்ததும்தான் பெரிய கூச்சல் எழுந்தது. வேலை போன பெண்களுக்கு வேறு வேலை கொடுப்பது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கூலியை நம்பிய வீடுகள் என்ன செய்திருக்கும்? நாட்டிலுள்ள அத்தனை சுரங்கத்தையும் கவனிக்க முதலில் போட்டது ஒரே ஒரு அதிகாரியை. திருட்டுத்தனமாகப் பெண்களை இறக்கினவர்களை அவர் எப்படிப் பிடிப்பார், நீயே சொல்லு.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான். சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் செய்த 1984 வேலைநிறுத்தம், பார்ன்ஸ்லி பக்கத்துக் கார்ட்டன்வுட் சுரங்கத்தில் மூட்டிய நெருப்பு. அதே வருடம் நவம்பரில், 1959இல் மூடிய இந்த ஊர் ஸ்டேஷனைச் சில்க்ஸ்டோன் காமன் என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். சுரங்கங்கள் மூடுகிற காலத்தில் ஸ்டேஷன் திறந்தது வேடிக்கைதான். இப்போது அதில் ஏறி ஜனங்கள் ஷெஃபீல்டுக்கு ஆபீஸ் போகிறார்கள். யார்க்‌ஷயரின் கடைசி ஆழ்சுரங்கம் கெல்லிங்லி, 2015 டிசம்பரில் மூடினது. அன்றைக்கு நீ டிவி பார்த்துக்கொண்டு, யார் இவர்கள், ஏன் அழுகிறார்கள் என்று கேட்டாய்.

அடுத்த முறை வரும்போது நாலு நாள் கூட லீவு போட்டு வா. தேவாலயத்துத் தூணைக் காட்டுகிறேன். நாப்ஸ் காட்டில் 1988இல் வைத்த இன்னொரு நினைவுச்சின்னமும் இருக்கிறது. அங்கே போக நல்ல ஷூ வேண்டும், போன தடவை மாதிரி வெள்ளைச் செருப்போடு வந்து நிற்காதே. வேக்ஃபீல்டு பக்கத்தில் கேப்ஹவுஸ் சுரங்கத்தை மியூசியமாக வைத்திருக்கிறார்கள், 140 மீட்டர் கீழே கூட்டிப் போவார்கள். பேட்டரி இருக்கிற எதையும் கீழே விடமாட்டார்கள், போனை மேலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரம் மீட்டிங் இல்லை என்று உன் ஆபீசில் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
அம்மா