கிராம சபைக்கு வெளியே நின்றவர்கள்

ஆசிரியருக்கு,

இலங்கையின் உள்ளூராட்சி வரலாறு பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை 1865 மாநகர சபைச் சட்டத்தில் தொடங்கி, 1931 சர்வசன வாக்குரிமையோடு முடிந்துவிட்டது. நல்ல கட்டுரைதான், ஆனால் கொழும்பிலிருந்து பார்த்த கதை. 1937 கிராம சபைச் சட்டத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. நாட்டின் சட்டமன்றமான அரசாங்க சபைக்கு வாக்களித்த தொழிலாளிக்கும் ஊர்ப் பாதை விஷயத்தில் வாய் இல்லை! அந்தச் சுவர், சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குச் செலவிட முடியாத வடிவில், 1987 பிரதேச சபைச் சட்டத்திலும் நின்றது. 2018 திருத்தத்தில்தான் தோட்டங்களுக்குச் செலவிட வழி பிறந்தது.

அதற்குமுன், என் தாயார் பிறந்த தோட்டத்தில் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாதையைச் செப்பனிடக் கேட்டால், "துரையைக் கேளுங்கள்" என்று தோட்ட நிர்வாகியைக் கைகாட்டுவதே சபையின் பதில். கட்டுரையாளர் அடுத்த பகுதியை மலையகத்திலிருந்து எழுதட்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை.