கிட்டாரோட விலை இருக்கட்டும் சார், வாசிச்சவங்க ஏன் அத எடுத்தாங்கன்னு எழுதுங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர்ல கிட்டார், ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்கற பொட்டி) ரிப்பேர் பண்றதுதான் எனக்குத் தொழில். ராக் கிட்டாரிஸ்ட் பத்தி நம்ம பேப்பர்ல எது வந்தாலும் மொதல்ல அதத்தான் படிப்பேன், ஆனா வர்றதெல்லாம் ஏலத்துல எவ்ளோக்குப் போச்சுங்கற நியூஸா மட்டுமே இருக்கு. பிங்க் ஃபிளாய்ட் பேண்டு டேவிட் கில்மோரோட கருப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 2019ல நியூயார்க்ல 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு, அந்த ஏலத்துப் பணத்த அவரு சுற்றுச்சூழலுக்காக கேஸ் நடத்தற ஒரு அமைப்புக்குக் கொடுத்துட்டாரு, மனசார பாராட்டணும். ஆனா அந்த கிட்டார அவரு எந்த ஆம்ப்ல போட்டாரு, நடுவுல என்ன பெடல் (காலால அமுத்தி சவுண்ட மாத்தற சின்ன பொட்டி) இருந்துச்சு, ஏன் அப்படி வச்சாருன்னு யாருமே எழுத மாட்டேங்கறீங்க. இதப் படிக்கிற பசங்க கிட்டார் காஸ்ட்லியா இருந்தா சவுண்டும் அப்படியே வந்துடும்னு முடிவு பண்ணி வீட்ல அடம் புடிக்கிறாங்க, அப்பாவும் பாவம் பிஎஃப்ல லோன் போட்டாவது வாங்கிக் கொடுத்துடறாரு, அப்புறம் ஆம்ப் வாங்க காசு இருக்காது.

காரணம் தெரிஞ்சா இந்த செலவே வேணாம் சார். கில்மோர் வச்சிருந்தது ஹைவாட் 100 வாட் ஆம்ப், அது எவ்ளோ சத்தம் வச்சாலும் சவுண்டு சீக்கிரம் கிழியாது, கிளீனாவே நிக்கும், அதனாலதான் அந்த கரகரப்ப பிக் மஃப் மாதிரி ஒரு பெடல்ல இருந்து எடுத்துக்கிட்டாரு. இதுக்கு நேர் எதிர் ஏசி/டிசி பேண்டு ஆங்கஸ் யங், கிப்ஸன் எஸ்ஜி கிட்டார், மார்ஷல் ஆம்ப், நடுவுல பெடல்னு கிட்டத்தட்ட ஒண்ணுமே கெடையாது, ஆம்ப்பயே உள்ள இருக்கற வால்வு (பழைய ரேடியோவுல இருக்கற மாதிரி கண்ணாடி ட்யூப்) திணற அளவுக்கு ஏத்தி வச்சு அந்த சவுண்ட வாங்கினாரு. ரெண்டு பேரும் ராக்தான், ஆனா சவுண்டு பொறக்கற இடமே வேற வேற. அப்போ எஸ்ஜியும் பிக் மஃப்பும் ஒரு சின்ன பத்து வாட் ஆம்ப்பும் வாங்கிட்டு வந்து ‘அண்ணா, ரெண்டு பேர் மாதிரியும் வரமாட்டேங்குது’ன்னு நிக்கற பையனுக்கு நான் என்ன சொல்ல முடியும்?

வில்லிவாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல 100 வாட் மார்ஷல வச்சு என்ன பண்றது? வால்வு ஆம்ப் ஏத்தி வச்சாதான் பேசும், ஏத்தினா கீழ் வீட்டு மாமா மேல வந்துடுவாரு. 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதுக்குத் தெரியற வித்தியாசம் சுமாரா ரெண்டு மடங்குதான், பத்து மடங்கு கெடையாது, இது தெரியாமலே பெரிய வாட்டுக்குக் காசு போகுது. வீட்ல வாசிக்கறவங்களுக்கு ஹெட்ஃபோன் போடற மாதிரி ஒரு மாடலிங் ஆம்ப் (பெரிய ஆம்ப்புங்க சவுண்ட டிஜிட்டலா காப்பி பண்றது) போதும், கச்சேரி வந்தா அப்போ பெருசா வாடகைக்கு எடுத்துக்கலாம்.

குயீன் பேண்டு கிட்டாரிஸ்ட் பிரையன் மே கதைய ஒரு ஞாயித்துக்கிழமை இணைப்புல முழுசா போடலாம் சார். நல்ல கிட்டார் வாங்க வசதி இல்லாம அவரும் அவங்க அப்பாவும் 1963ல வீட்லயே செய்ய ஆரம்பிச்சாங்க, கழுத்துக்கு பழைய கணப்பு அடுப்போட மேல் பலகை மரம், ஃப்ரெட்போர்டுல (கழுத்து மேல விரல் அமுத்தற பலகை) பொட்டு வைக்க அம்மாவோட தையல் பெட்டியில இருந்த முத்துச்சிப்பி பட்டன், கம்பியோட சுதிய ஆட்டற ட்ரெமலோவுக்கு பழைய மோட்டார் சைக்கிளோட என்ஜின் வால்வு ஸ்பிரிங். அந்த கிட்டார வாக்ஸ் ஏசி 30ல போட்டு, முன்னாடி கீச்சு சவுண்ட தூக்கி விடற ஒரு ட்ரெபிள் பூஸ்டர் வச்சு, பிளாஸ்டிக் பிக்குக்கு பதிலா ஆறு பென்ஸ் காசால வாசிச்சாரு. பிளாக் சப்பாத் பேண்டு டோனி அயோமி ஒரு ஃபேக்டரி மெஷின்ல வலது கையில ரெண்டு விரல் நுனிய இழந்தவரு, அவரு இடது கைக்காரரு, அதனால ஃப்ரெட்ட (கழுத்துல குறுக்க இருக்கற மெட்டு) அமுத்தற கை அந்த வலது கைதான், தானே தொப்பி மாதிரி செஞ்சு விரல்ல மாட்டிக்கிட்டு மெல்லிசான கம்பி போட்டு, அப்புறம் ட்யூனிங்கையும் எறக்கிக்கிட்டாரு, ஹெவி மெட்டலோட அந்த கனமான சவுண்டுல பாதி அங்கேருந்து வந்ததுதான். இவங்க ஒவ்வொருத்தரும் தன் கைக்கும் தன் ஊருக்கும் தன் பாக்கெட்டுக்கும் எது ஒத்து வருமோ அத எடுத்தாங்க.

அப்போ நம்ம ஊருக்கு எது ஒத்து வரும்? பிக்கப்புங்கறது கம்பி அதிர்வ கரண்ட்டா மாத்தற காந்தச் சுருள், அதுல ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் நல்ல பளிச்சுன்னு இருக்கும், எனக்கும் ரொம்ப புடிக்கும், ஆனா பழைய ட்யூப்லைட் சோக்கு, ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் எல்லாம் இருக்கற ரூம்ல அது கொய்ங்ங்னு கத்தும். கிப்ஸன் கம்பெனியில சேத் லவர் 1955ல ரெண்டு காயில எதிரெதிரா சுத்தி அந்த 'ஹம்' ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கற மாதிரி செஞ்சாரு, அதான் ஹம்பக்கர், டிஸ்டார்ஷன் (அந்த கரகரப்பு) நெறைய போடறவங்க நம்ம ஊரு ஃபிளாட்டுல இத எடுக்கறதுதான் நிம்மதி. அதே மாதிரி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வச்சிருந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் வேணும்னு தேடறாங்க, ஆரம்பத்துல வந்ததுல ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், சூடு ஏறினா அதோட குணமே மாறிடும், சென்னை மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல காலைல ஒரு சவுண்டு மத்தியானம் ஒரு சவுண்டுதான் வரும், பின்னாடி வந்த சிலிக்கான் டைப்ப எடுத்தா இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

கொளத்தூர்ல இருந்து ஒரு தம்பி வந்தான், கையில உள்ளூர்ல கெடைக்கற சாதா ஸ்ட்ராட் காப்பி, இது குப்பைண்ணா, வித்துட்டு ஃபெண்டர் வாங்கப்போறேன்னான். கம்பி பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ஃப்ரெட்போர்டுல இருந்து ஒரு முழம் மாதிரி தூக்கிட்டு நின்னுச்சு, மழைக்காலத்து ஈரத்துல கழுத்து வளைஞ்சிருக்கு, அவ்ளோதான். மொத ஃப்ரெட்டயும் கடைசி ஃப்ரெட்டயும் அமுத்திப் புடிச்சுக்கிட்டு நடுவுல விசிட்டிங் கார்டு நுழையற அளவுக்கு மட்டும் இடைவெளி வர்ற வரைக்கும் ட்ரஸ் ராட (கழுத்துக்குள்ள இருக்கற இரும்புத் தண்டு) கால் கால் சுத்தா திருப்பினேன், ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் விட்டு விட்டு, அப்புறம் கம்பி உக்கார்ற சேடில எறக்கி, புதுக் கம்பி போட்டு, ஆக்டேவ் சரி பார்த்துக் கொடுத்தேன். அவன் வாசிச்சுப் பார்த்துட்டு ஃபெண்டர் பேச்சையே எடுக்கல. பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரி கடல் ஓரம் இருக்கறவங்களுக்கு கம்பி சீக்கிரமே துரு புடிக்கும், வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால கம்பிக்கு அடியிலயும் சேத்து துடைச்சு வைக்கணும்.

கரண்ட் விஷயம் ரெண்டு இருக்கு. அமெரிக்காவுல இருந்து சித்தப்பா கொண்டு வர்ற ஆம்ப் 120 வோல்ட்டுக்கு செஞ்சதா இருக்கும், இங்க 230, அப்படியே சொருகினா ஃபியூஸ் போகும், சமயத்துல டிரான்ஸ்ஃபார்மரே போயிடும், பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வோல்டேஜ எறக்கற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போடணும். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் வேரியாக் (வோல்டேஜ கூட்டிக் கொறைக்கற பொட்டி) வச்சு ஆம்ப்புக்கு வோல்டேஜ கூட்டினாருன்னு நம்பி செஞ்சு பாக்கற பசங்க இருக்காங்க, அவரு பண்ணது நேர் எதிர், 90 வோல்ட் பக்கமா எறக்கினாரு, கூட்டினா ஆம்ப் எரிஞ்சுடும்.

ரெண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது, இதுக்காகத்தான் முக்கியமா எழுதறேன். எலக்ட்ரிக் கிட்டாரோட கம்பி எல்லாம் அத கீழ்ப்பக்கம் தாங்கற பிரிட்ஜ் வழியா ஆம்ப்போட எர்த்துக்குப் போகுது. அந்த எர்த்து இல்லாம ஆம்ப்ல எங்கயாச்சும் லீக்கேஜ் இருந்தா கம்பியிலயே கரண்ட் நிக்கும், வாசிக்கறவங்க மைக்குல உதடு வச்ச உடனே அது உடம்பு வழியா எறங்கும். 1972ல லெஸ்லி ஹார்வின்னு ஒரு நல்ல கிட்டாரிஸ்ட் இங்கிலாந்து பக்கத்துல வேல்ஸ்ல ஸ்வான்சீ மேடையில இதே மாதிரி எர்த்து கோளாறுல ஷாக் அடிச்சு செத்துப்போனாரு, ஆனா அங்க எர்த்து சரியா இல்லாதது மைக்குக்கு. நம்ம ஊர்ல ஆடி மாசக் கச்சேரிக்கு தெருவுல ஒயர் இழுக்கறோம், காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஜெனரேட்டர் வைக்கறோம், 'ஹம்' வருதுன்னு மூணு பின் பிளக்குல பெரிய பின்ன, அதான் எர்த்து பின்ன, ஒடச்சு விடறத என் கண்ணால பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அத யாரும் பண்ணாதீங்க. ஆம்ப்பும் மிக்ஸரும் ஒரே எர்த்து உள்ள லைன்ல இருந்து எடுக்கணும், லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) இருக்கணும், பாடறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன விட்டு மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவுல வோல்டேஜ் வருதான்னு மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லணும்.

இடம் பத்தலன்னா மேல எழுதினத எவ்ளோ வேணா வெட்டிக்கோங்க சார், எர்த்து பத்தி எழுதின அந்தக் கடைசி பாராவ மட்டும் ஆடிக்கு முன்னாடி போட்டுடுங்க.

இப்படிக்கு,
கிட்டார் ரிப்பேர் பண்ற உங்க வாசகர்,
பெரம்பூர், சென்னை.