பிட்ஃபால் கேசட்டுல இடது பக்கம் போனா கேம் நின்னு போகுது, பணத்தைத் திருப்பிக் குடுங்க

கஸ்டமர் கேர்ல இருக்கிறவங்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க சைட்ல "அட்டாரி 2600 பிட்ஃபால், ஒரிஜினல் கேசட், டெஸ்ட் பண்ணது"ன்னு போட்டிருந்ததை நம்பி 3,800 ரூபா கட்டி வாங்கினேன். என்கிட்ட இருக்கிற அட்டாரி செட்டு, அதாவது டிவில மாட்டி கேம் ஆடற பழைய பொட்டி, பெரியப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்தது, அதனால பால் (PAL, டிவியோட கலர் முறை) சிஸ்டம் கேசட்டான்னு வாங்கறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டேன், எடுத்த பையன் "சார் நாங்க பால் எல்லாம் விக்கறதில்ல, கேம்தான்"னான். அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். சரி, கலர் எல்லாம் ஒழுங்காதான் வருது, அதுல குறை சொல்லல.

பிரச்சினை வேற. கேம் ஆரம்பிச்சதும் நம்ம ஆட்டுவிக்கிற ஆளு ஹாரி ஸ்க்ரீனோட இடது ஓரமாதான் நிப்பான், ரெண்டு எட்டு இடது பக்கம் வெச்சா அடுத்த ஸ்க்ரீன் வரணும். இதுல வராது. பச்சையும் கறுப்புமா கோடு ஓடுது, டிவில ஒரே சுதியில "ங்ங்ங்"னு சத்தம், அவ்வளவுதான், ஸ்விட்சை ஆஃப் பண்ணாதான் அடங்குது. வலது பக்கம் நாப்பது ஸ்க்ரீன் வரைக்கும் போய்ப் பாத்தேன், விழுது பிடிச்சு தாவறது, முதலை தலை மேல குதிக்கிறது எல்லாம் சரியா இருக்கு. ஆனா அங்க இருந்து ஒரே ஒரு ஸ்க்ரீன் இடது பக்கம் திரும்பி வந்தாலும் இதே கதிதான்.

இதைச் சொன்னா உங்க ஆளு முதல்ல கேசட்டை ஊதிப் போடச் சொன்னாரு. சார், ஊதினா எச்சில் ஈரம்தான் பின்னுல ஒட்டும். நான் ஸ்பிரிட் போட்டு துடைச்சு, ரப்பர் வெச்சு தேய்ச்சு, அப்புறமும் பாத்துட்டேன். அதே செட்டுல மத்த மூணு கேசட்டும் ஜம்முனு ஓடுது. ரெண்டாவது தடவை போன் பண்ணப்ப வேற ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அதுக்குதான் இந்த லெட்டரே. "இந்த கேம் மரியோ மாதிரி சார், வலது பக்கம்தான் போகணும், இடது பக்கம் ஒண்ணும் கிடையாது"ன்னாரு.

இடது பக்கம் ஒண்ணும் கிடையாதா? 1982ல வந்த கேம் இது, மரியோவுக்கு முன்னாடி. மொத்தம் 255 ஸ்க்ரீன், வளையம் மாதிரி, எந்தப் பக்கம் போனாலும் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வரும். உருண்டு வர்ற மரக்கட்டை எல்லாமே வலதுல இருந்து இடதுக்குதான் உருளும், அதனால வலது பக்கம் ஓடினா கட்டை எதிர்ல வந்து மோதும், இடது பக்கம் ஓடினா கூடவே வரும், மோதி மோதி பாயிண்ட் குறையற தொல்லை கம்மி. விவரம் தெரிஞ்சவன் இடதுலதான் ஓடுவான். 20 நிமிஷத்துல பணமூட்டை, வெள்ளிக்கட்டி, தங்கக்கட்டி, வைர மோதிரம்னு 32 புதையலையும் எடுக்கணும், எதுலயும் அடிபடாம எடுத்தா 1,14,000 பாயிண்ட். சுரங்கத்துக்குள்ள இறங்கி ஒரு ஸ்க்ரீன் தாண்டினா மேல மூணு தாண்டின கணக்கு, அந்தக் குறுக்கு வழி இல்லாம நேரம் பத்தாது. அந்த சுரங்கத்துலயும் இடது பக்கம் போனா நின்னு போகுது உங்க கேசட்டு.

இதுக்குக் காரணமும் எனக்குத் தெரிஞ்ச அளவுல சொல்றேன், உங்க டெக்னீஷியனுக்கு உபயோகமா இருக்கும். இந்த கேசட்டோட மொத்த இடமே 4 கேபி, 255 ஸ்க்ரீனையும் அதுல தனித்தனியா அடைக்க முடியாது. அதனால இந்த கேமை எழுதின டேவிட் க்ரேன் என்ன பண்ணாருன்னா ஒரே ஒரு பைட் நம்பரை வெச்சு, இந்த நம்பர்னா குழி, இந்த நம்பர்னா முதலை, இங்க மரம்னு எல்லாமே அதுல இருந்து வர்ற மாதிரி எழுதினாரு. வலது போனா அந்த நம்பர் ஒரு கணக்குப்படி மாறும், இடது போனா அதே கணக்கு தலைகீழா ஓடி பழைய நம்பர் வரும். மனுஷன் செஞ்ச வேலையை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆச்சரியமா இருக்கும், அது வேற விஷயம். அந்தத் தலைகீழ் கணக்கு இருக்கிற இடத்துலதான் உங்க காப்பில ஏதோ கெட்டுப் போயிருக்குன்னு நினைக்கிறேன்.

ஆமா, காப்பிதான். நீங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்னு சொன்ன பிறகுதான் திறந்து பாத்தேன். உள்ள பளபளன்னு புது ஈயம் வெச்சு ஒட்டின ஈப்ராம் சிப்பு (அழிச்சு மறுபடி எழுதிக்கக்கூடிய சிப்பு, ஒரிஜினல் கேசட்டுல இது இருக்காது), அதோட கண்ணாடி ஜன்னல் மேல ஒரு துண்டு கறுப்பு டேப். ஸ்டிக்கர் மட்டும் பழசு. ஃபோட்டோ நாலு அனுப்பியிருக்கேன், கூடவே கேம் நின்னு போற வீடியோ. காப்பின்னு சொல்லி 600 ரூபாய்க்கு வித்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எனக்கு 3,800 ரூபாயும் திருப்பி அனுப்பற கொரியர் காசும் அக்கவுண்ட்ல வரணும், கூப்பன் குடுக்கற வேலை எல்லாம் வேண்டாம். இல்ல, ஒரிஜினல் கேசட்டுதான் குடுப்போம்னா சந்தோஷம், ஆனா பேக் பண்றதுக்கு முன்னாடி செட்டுல போட்டு இடது பக்கம் பத்து ஸ்க்ரீன் ஓடி அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு அட்ரஸ் தர்றேன்.

இப்படிக்கு,
ஆர்டர் போட்டு ஏமாந்த கஸ்டமர்